புலம்பினால் பாரம் குறையுமா?



உள்கடன், வட்டிக் கணக்கு, பதிவேடு எழுதுவது என்று இந்தப் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டோம். இந்த மாதம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒரு விஷயத்தைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அதுதான் புலம்பல். சிரிக்காதீங்க. நாம் வாரா வாரம் செய்வதுதானே இது!

கொட்டச்சேடு பக்கம் குழுக் கூட்டம் பெரும்பாலும் சாயங்காலம்தான். எஸ்டேட் வேலை முடித்து, விறகு தண்ணீர் பார்த்து, பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வந்து உட்கார ஆறரை மணி ஆகிவிடும். சேமிப்பு வாங்கி, தவணை வாங்கி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட அரை மணி நேரம் போதும். ஆனால் யாரும் எழுந்து போவதில்லை. பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டு இன்னும் நெருக்கமாக உட்காருவோம். "நேத்து ராத்திரி காட்டெருமை வந்து செடியெல்லாம் மிதிச்சிட்டுப் போயிடுச்சு." "பழம் எடை போடறதுல என்னமோ கோளாறு பண்றாங்கக்கா." "பஸ்சு வரவே இல்ல, நடந்தே வந்தோம்." "அந்த மனுசன் நேத்தும் குடிச்சிட்டுத்தான் வந்தாரு." இப்படி ஒருவர் ஆரம்பித்தால் அடுத்தவர் தொடருவார். இருட்டி ரொம்ப நேரமான பிறகுதான் கலைவோம்.

"பொம்பளைங்க நாலு பேரு கூடினா ஒரே புலம்பல்தான்" என்று ஆண்கள் கேலி பேசுவார்கள். காலையில் டீக்கடையில் மிளகு விலை, உர விலை, சொல்பேச்சுக் கேட்காத மகன், ஓட்டு கேட்டு வந்துவிட்டு அப்புறம் திரும்பிப் பார்க்காத கட்சிக்காரர் என்று ஒரு மணி நேரம் அவர்கள் பேசுவதும் இதேதான். அவர்கள் பேசினால் அதற்குப் பெயர் நாட்டு நடப்பு!

நமக்கு அது பிடிக்கிறதா?

மனசாட்சியோடு பதில் சொல்லுவோம். "எனக்கென்ன ஆசையா? கஷ்டம் இருக்கு, சொல்றேன்" என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் சொல்லும்போது நம்மைக் கவனித்துப் பாருங்கள். மாமியார் பேசியதை மாமியார் குரலிலேயே சொல்லுவோம். மேஸ்திரி நடந்து வந்ததை எழுந்து நடந்தே காட்டுவோம். வீட்டில் வாய் திறக்காத அக்காகூட இங்கே வந்தால் ஒரு நாடகமே நடத்திவிடுவார். "அய்யய்யோ", "அப்புறம்?", "நீ சும்மாவா விட்டே?" என்று மற்றவர்கள் கேட்கக் கேட்க அவருக்குத் தெம்பு ஏறும். நாள் முழுக்க அடுப்படியிலும் தோட்டத்திலும் இருந்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒருவர்கூடக் கேட்காத பெண்ணுக்கு இது சின்ன விஷயமா?

கேட்கிறவருக்கும் சுகம் உண்டு. "என்னை நம்பிச் சொல்றாளே" என்ற பெருமை. "இதுக்கு எங்க வீட்டுக்காரர் பரவாயில்ல" என்ற ஆறுதல். நாம் சொல்லப் பயந்ததை இன்னொருத்தி சொல்லிவிட்டாள் என்ற நிம்மதி. கொஞ்சம் வம்பு ருசியும் உண்டு, மறைக்க வேண்டாம். அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் சிலர் 2006இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இருவருக்கு, மூன்றாவது ஆள் ஒருவரை இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை என்று தெரிந்தால் நெருக்கம் வருகிறதாம். அவரை இரண்டு பேருக்கும் பிடிக்கும் என்று தெரிவதைவிட இதில்தான் நெருக்கம் அதிகம் என்று கண்டார்கள். நமக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை. எடை போடுகிறவரைச் சேர்ந்து திட்டியே தோழிகளானவர்கள் நம் குழுக்களில் எத்தனை பேர்!

நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது செத்தவரைப் பற்றி மட்டுமா பாடுவார்கள்? சீர் செய்யாத அண்ணன், மதிக்காத நாத்தனார், நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட பங்காளி எல்லோரும் அந்தப் பாட்டுக்குள் வருவார்கள். மற்ற நாளில் இதைப் பேசினால் அடி விழும். சாவு வீட்டில் யாரும் தடுக்க முடியாது. சுற்றி உட்கார்ந்து தோள்மேல் கை போட்டு அழுகிற பெண்கள் ஒவ்வொருவரும் அவரவர் கஷ்டத்தை நினைத்துத்தான் அழுவார்கள். எழுந்து முகம் கழுவும்போது மனசு லேசாக இருக்கும். ஆனால் அண்ணன் அடுத்த வருசமும் சீர் செய்ய மாட்டார். ஒப்பாரியின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

குக்கரா, ஊதுகுழலா?

மனசு என்பது குக்கர் மாதிரி, ஆவியை வெளியே விடாவிட்டால் வெடித்துவிடும், கோபத்தைக் கொட்டிவிட்டால் அடங்கிவிடும் என்று நாம் நினைக்கிறோம். படித்தவர்களும் ரொம்ப நாளாக அப்படித்தான் நம்பினார்கள். பிராட் புஷ்மன் என்ற ஆய்வாளர் 2002இல் இதைச் சோதித்துப் பார்த்தார். கோபப்படுத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை, கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு பகுதியினரைச் சும்மா உட்கார வைத்தார். குத்தியவர்களுக்குத்தான் கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது. 2024இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து, உலகத்தில் இதைப் பற்றி நடந்த 154 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 10,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வுகள் அவை. கோபத்தைக் கொட்டுவதால் கோபம் குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மூச்சை இழுத்து விடுவது, உடம்பைத் தளர்த்தி அமைதியாக உட்காருவது போன்றவைதான் குறைத்தன.

அதனால் குக்கரைவிட ஊதுகுழல்தான் சரியான உதாரணம் என்று எனக்குப் படுகிறது. சாம்பல் மூடிக் கிடக்கிற கங்கை ஊதினால் என்ன ஆகும்? காலையில் மேஸ்திரி சொன்ன ஒரு வார்த்தையை மத்தியானம் ஒருத்தியிடம், சாயங்காலம் ஒருத்தியிடம், ராத்திரி படுக்கும்போது நமக்கு நாமே என்று மூன்று தடவை சொல்லும்போது, அந்த வார்த்தை மூன்று தடவை நம்மேல் விழுகிறது. அவர் சொன்னது ஒரு தடவைதான்.

நெருங்கிய தோழிகள் விஷயத்தில் இன்னொன்றையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் 813 பேரை வைத்து அமண்டா ரோஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பச் சேர்ந்து பேசுகிற பெண் பிள்ளைகளுக்கு நட்பு இறுகியது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடின. பேசுவதால் மனசு சோர்கிறது, சோர்வதால் பேசத் தோன்றுகிறது, பேசினால் தோழி இன்னும் நெருக்கமாகிறாள். இந்தச் சுழலில் இருந்து யாருக்குத்தான் வெளியே வரத் தோன்றும்? சுகமாக அல்லவா இருக்கிறது!

அப்படியானால் "இனிமே கூட்டத்துல புலம்பக் கூடாது" என்று தீர்மானம் போட்டுவிடலாமா? கூடவே கூடாது. சில குழுக்களில் ஊக்குநரே "கணக்கு முடிஞ்சுதா, கிளம்புங்க கிளம்புங்க" என்று விரட்டுவதைப் பார்க்கிறேன். நேரம் மிச்சமாகும். ஆனால் அது வசூல் கூட்டமாகிவிடும், குழுவாக இருக்காது. ஏன் என்று தெரிந்துகொள்ள, நமக்குப் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

நெல்லூரில் நடந்தது

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம். நம் ஊர்களில் அறிவொளி இயக்கம் நடந்த அதே 1990களின் தொடக்கத்தில் அங்கேயும் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. கூலி வேலைக்குப் போய்வந்த பெண்கள் ராத்திரியில் விளக்கு வைத்துக்கொண்டு படித்தார்கள். அவர்கள் பாடத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை வந்தது. குடியால் குடும்பம் சீரழிந்த கதை.

அந்தப் பெண்கள் சாராயத்தைப் பற்றி அதற்கு முன் பேசாதவர்களா? வருசக்கணக்காகக் கிணற்றடியிலும் வயலிலும் அதைத்தான் பேசியிருப்பார்கள். கூலி வாங்கிய கையோடு புருசன் சாராயக் கடைக்குப் போவது, வீட்டுக்கு வந்து அடிப்பது, அரிசி இல்லாத அடுப்பு. ஆனால் அங்கே பேசும்போது அது ஒவ்வொருத்தியின் தலையெழுத்தாக இருந்தது. "என் விதி", "நான் வாங்கி வந்த வரம்" என்றுதான் முடியும். பாடத்தில் அச்சில் பார்த்தபோது, "இது என் கதையாச்சே" என்று ஒருத்திக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்தவளுக்கும் அப்படியே தோன்றியது. எல்லோர் வீட்டிலும் ஒரே விதி என்றால் அது விதியாக இருக்க முடியுமா? அப்புறம்தான் பேச்சு புருசனை விட்டுக் கடைக்குப் போனது. கூலி ஒழுங்காகக் கிடைக்காத ஊரில், குடிதண்ணீர் ஒழுங்காக வராத ஊரில், சாராயம் மட்டும் எப்படி நாள் தவறாமல் வருகிறது?

துபகுண்டா என்ற ஊரில் ரோசம்மா முதலான பெண்கள் திரண்டு போய்த் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அவர்கள் செய்ததே பெண்கள் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்ற அடுத்த பாடமாக அச்சாகி மற்ற ஊர்களுக்குப் போனது. ஊர் ஊராகப் பரவியது. 1992இல் சாராய ஏலம் நடக்கும் இடத்துக்கே பெண்கள் கூட்டமாகப் போய் நின்றார்கள். ஏலத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரா முழுக்கச் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என்.டி. ராமராவ் ஆட்சியில் முழு மதுவிலக்கு வந்தது. அது நிலைக்கவில்லை, 1997இல் தளர்த்திவிட்டார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நமக்குப் பக்கத்து உறவான செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. சாராயத்துக்குப் போன காசில் நாளுக்கு 1 ரூபாய் சேமிப்பது என்று நெல்லூர்ப் பெண்கள் 1993இல் ஆரம்பித்தார்கள். பொதுப்பு லட்சுமி என்று அதற்குப் பெயர். பொதுப்பு என்றால் தெலுங்கில் சேமிப்பு. தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரியில் தொடங்கிப் பிறகு நம் சேலம் மாவட்டத்துக்கும் வந்த மகளிர் குழுக்களைப் போலவே, அங்கேயும் குழுக்கள் பெருகின. இங்கே சேமிப்புக்காகக் கூடினோம், கூடிய இடத்தில் பேச்சு வந்தது. அங்கே பேச்சில் ஆரம்பித்துச் சேமிப்பில் போய் நின்றது.

கேட்கிறவர் கையில்தான் இருக்கிறது

நெல்லூரில் பேச்சின் திசையை மாற்றியது எது? எனக்குப் படுவது, கேட்டவர்கள் கேட்ட விதம். "அய்யோ பாவம்" என்பதோடு நிறுத்தாமல், "உனக்குமா? எனக்கும்தான். ஏன்?" என்று கேட்டார்கள்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாட்டில் இதையே ஒரு வைத்தியமாகச் செய்கிறார்கள். அங்கே மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். டாக்டர் டிக்சன் சிபாண்டா என்பவர் 2006இல் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அதிகம் படித்தவர்கள் இல்லை, அந்தப் பகுதியிலேயே சுகாதாரத் தொண்டு செய்தவர்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சு. மனசு சரியில்லாதவர் வந்து உட்கார்ந்தால் பாட்டி முதலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். மனசைத் திறப்பது என்று அவர்கள் மொழியில் அதற்குப் பெயர். அதன் பிறகு, "இத்தனை சொன்னியே, இதுல முதல்ல எதைப் பார்க்கலாம்?" என்று ஒன்றை எடுக்க வைப்பார். அந்த ஒன்றுக்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று யோசிக்க வைப்பார். புத்தி சொல்ல மாட்டார், வந்தவரே யோசிக்க வேண்டும். 2016இல் 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 50 பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பாட்டியிடம் பேசியவர்களில் 14 பேருக்குத்தான்.

பெஞ்சு நம்மிடம் இல்லை, பாய் இருக்கிறது. பேசட்டும், முழுசாகப் பேசட்டும். பாதியில் "எங்க வீட்டுல இதைவிட மோசம்" என்று நம் கதையை நுழைக்க வேண்டாம். இதுதான் ரொம்பக் கஷ்டம், முயற்சி செய்து பாருங்கள், நாக்கு துடிக்கும்! அவர் முடித்த பிறகு, "நாங்க கேட்டா போதுமா, ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டுவிடுங்கள். சில நாள் கேட்டாலே போதும். இருமுகிற மாமனாரைப் பத்து வருசமாகப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு நாம் என்ன தீர்வு சொல்லப் போகிறோம்? அன்றைக்கு அவருக்கு ஒரு டம்ளர் காப்பியும் காதும்தான் வேண்டும்.

ஒரே புலம்பல் மூன்று பேர் வாயில் வந்தால் அது குழுவின் விஷயம். என் பகுதியில் ஒரு குழுவில் ஆறு வாரமாகப் பஸ்ஸைப் பற்றியே பேச்சு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண் பிள்ளைகள் இருட்டில் நடந்து வருகிறார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளையை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஏழாவது வாரம் பிரதிநிதி ஒரு நோட்டில் கோடு போட்டார். எந்தத் தேதி, பஸ் வந்ததா, எத்தனை மணிக்கு. ஒரு மாதம் எழுதினார்கள். அதைத் தீர்மானத்தோடு சேர்த்து மனுவாகக் கொடுத்தார்கள். "பஸ்சு வரதே இல்லைங்க" என்று சொன்னபோது காதில் வாங்காதவர், தேதி போட்ட தாளை வாங்கிப் படித்தார். பஸ் சில மாதம் ஒழுங்காக வந்தது, மறுபடி தவறியது. மறுபடி நோட்டை எடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் போகிறது.

இப்படி எழுதிய விஷயத்தைக் கொண்டுபோக நமக்கு இடங்கள் உண்டு. கிராம சபை இப்போது வருசத்துக்கு 6 தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மலையிலிருந்து இறங்கிப் போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பது தெரியும். அதனால்தான் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு மூலமாக இரண்டு பேரை அனுப்பி, பஸ் செலவைப் பொது நிதியில் கொடுக்கச் சொல்கிறோம்.

எல்லாவற்றையும் பாயில் கொட்ட வேண்டாம்

குழுவில் சொன்னது மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பேசப்பட்டால், அந்தப் பெண் அதன் பிறகு வாய் திறக்க மாட்டார். புருசன் காதுக்குப் போய் அதனால் அடி வாங்கினால், அந்த அடியில் நமக்கும் பங்கு உண்டு. வீட்டுக்குள் நடக்கும் அடிதடி, மகளின் விஷயம், உடம்பு விஷயம் இவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் தனியாகச் சொல்வதே நல்லது. அடிதடி என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. "எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதானே" என்று நாமே சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

இன்னொன்று. எப்பவும் புலம்புகிறவர் என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் வாய் திறந்தாலே மற்றவர்கள் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள். "செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று அவர் பத்து தடவை சொல்லியிருப்பார். பதினோராவது தடவையும் நாம் "ஆமா, நீ இதையேதான் சொல்லிட்டிருக்கே" என்போம். தயவுசெய்து அந்த வார்த்தையை மட்டும் பழக்கத்தில் விட்டுவிடாதீர்கள். "நிஜமாவே அப்படித் தோணுதா அக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். ஆமாம் என்றால் அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். 104க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். 2022இல் ஆரம்பித்த மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. டவர் கிடைக்கிற மேட்டில் நின்றாவது அவர் கூட இருந்து பேச வையுங்கள். நாமே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது இன்னும் நல்லது.

குழுவில் பேசிப் பார்க்க

கடந்த நாலு கூட்டங்களில் நாம் அதிகமாகப் புலம்பியது எதைப் பற்றி? அதில் எத்தனை பேருக்கு அதே பிரச்சினை?

ஒருவர் பேசும்போது நடுவில் நம் கதையைச் சொல்லாமல் ஐந்து நிமிடம் கேட்க முடிகிறதா? ஒரு கூட்டத்தில் செய்து பாருங்கள். யார் முதலில் தோற்றார் என்று எனக்கும் எழுதுங்கள்.

தேதி போட்டு எழுதி வைக்கக்கூடிய ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். நோட்டு யார் கையில் இருக்கும்?

கடைசிக் கேள்வியைக் கூட்டத்தில் சத்தமாகப் பேச வேண்டாம். ஊக்குநரும் பிரதிநிதிகள் இருவரும் மட்டும் உட்கார்ந்து யோசியுங்கள். முன்பெல்லாம் நிறையப் பேசிவிட்டு இப்போது கையெழுத்துப் போட்டதும் கிளம்பிப் போகிற உறுப்பினர் யார்? கடைசியாக அவர் எதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்? இந்த வாரம் அவர் வீட்டுப் பக்கம் போகப் போவது யார்?